குமிழியின் கணக்கு

எங்கள் படாளத்தில் சர்க்கரை என்று சொன்னால் இரண்டு அர்த்தம். ஒன்று, மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை. மற்றொன்று, காலையில் என்னோடு நடக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இருப்பது. அவர்களில் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் நாலைந்து பேர். சிரிஞ்சில் கடுகளவு குமிழி தெரிந்தால் போதும், "காத்து உள்ள போனா ஆளே போயிடுவான் சார்" என்பார்கள். குமிழியால் கெடுதல் உண்டு. ஆனால் இவர்கள் பயப்படுகிற கெடுதல் வேறு, உண்மையில் வருகிற கெடுதல் வேறு. அந்தக் கதை நூற்றெழுபது வருடத்துக் கதை.

பயத்தின் மூலம் நரம்பு ஊசி. ரத்தக் குழாய்க்குள் நிறையக் காற்று போனால் உயிருக்கே ஆபத்து என்பது உண்மை. பழைய சினிமாக்களும் அதை நம் மனத்தில் நன்றாகப் பதியவைத்துவிட்டன. இன்சுலின் போவதோ தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பில். அங்கே போகிற துளிக் காற்றை உடம்பு மெல்லக் கரைத்துக்கொள்ளும். அதனால் யாரும் சாவதில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்கு ஊசி போடும் சிரிஞ்சு என்றால் 'பிரவாஸ்'. ஷார்ல் பிரவாஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1853-இல் அமைத்த கருவி அது. லியோன் நகரத்தில் மருத்துவம் பார்த்தவர். அதே ஆண்டில் எடின்பரோவில் அலெக்சாண்டர் வுட் என்பவரும் ஒரு சிரிஞ்சைப் பயன்படுத்தினார். ஆங்கிலம் படித்தவர்கள் அவர் பேரைத்தான் சொல்வார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். பிரவாஸின் கருவி வெள்ளியால் ஆனது. அதில் மருந்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளுவதில்லை. ஒரு திருகைத் திருக வேண்டும். ஒரு சுற்றுக்கு இத்தனை மருந்து என்று கணக்கு. வெள்ளிக்குள் குமிழி இருந்தால் யாருக்குத் தெரியும்? பிறகு 1890-களில் பாரீஸில் லூயர் என்ற கருவி செய்பவரின் கடையிலிருந்து முழுக்கக் கண்ணாடியால் ஆன சிரிஞ்சு வந்தது. உள்ளே இருக்கும் காற்று அதில் பளிச்சென்று தெரிந்தது. நம் வயதுக்காரர்கள் எல்லோரும் இடுப்பில் வாங்கியது அதன் வாரிசிடம்தான். எவர்சில்வர் டப்பாவில் கொதிக்கவைத்து, ஊசியை மேலே தூக்கி, கம்பவுண்டர் ஒரு துளி பீய்ச்சிக் காட்டுவாரே, அதேதான்.

இன்சுலின் என்ற பெயரிலும் பிரெஞ்சு வாசனை உண்டு. கணையத்தில் தீவு தீவாக இருக்கும் செல்களுக்கு 1893-இல் லாங்கர்ஹான்ஸ் தீவுகள் என்று பெயர் வைத்தவர் லகெஸ் என்ற பிரெஞ்சுக்காரர். அவற்றில் சுரக்கும் பொருளுக்கு, அது கையில் கிடைப்பதற்கு முன்பே, 1909-இல் 'இன்சுலின்' என்று பெயரிட்டவர் பெல்ஜியத்து ழான் தெ மேயர். பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்த கதை.

பிள்ளை பிறந்தது டொரன்டோவில். 1922 ஜனவரி 11 அன்று லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. பழுப்பு நிறக் கலங்கல், மொத்தம் 15 மில்லி, இரண்டு பிட்டத்திலும் பாதிப் பாதி. பலன் சொற்பம். சுத்தம் செய்த மருந்தை 23-ஆம் தேதி போட்ட பிறகுதான் பையன் தேறினான். 15 மில்லிக்குள் கடுகளவு குமிழி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இங்கேதான் ஒரு பழைய குமாஸ்தாவின் புத்தி கணக்குப் போடத் தொடங்குகிறது. கடைக்கு வந்த முதல் இன்சுலினில் ஒரு மில்லிக்கு 10 யூனிட், 20 யூனிட். பிறகு 40, 80 என்று ஏறியது. 1970-களில் அமெரிக்காவில் 100 வந்தது. 1983-இல் பிரிட்டனும் அதற்கு மாறியது. ஒரு மில்லியில் நூற்றில் ஒரு பங்கு அளவுள்ள குமிழியை எடுத்துக்கொள்ளுங்கள். 10 யூனிட் மருந்தில் அது பிடித்துக்கொண்ட இடம் ஒரு யூனிட்டில் பத்தில் ஒன்று. நம் ஊர் மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும் 40 யூனிட் புட்டியில் 0.4 யூனிட். 100-இல் முழுதாக ஒரு யூனிட். குமிழி வளரவில்லை, அதன் விலை பத்து மடங்கு ஏறிவிட்டது.

அப்படியும் சிரிஞ்சில் போட்டுக்கொள்பவருக்கு அது பெரிய நஷ்டமில்லை. 20 யூனிட் போடுகிறவருக்கு அரை யூனிட் குறைந்தால் குடி முழுகிவிடாது. அதைவிடப் பெரிய தப்பு சிரிஞ்சை மாற்றி எடுப்பது. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. மாறினால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். குமிழியைப் பார்த்து நடுங்குகிற நண்பர்கள் மூடியின் நிறத்தைப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

சென்னையில் டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954-இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையே வைத்தார். அந்தக் காலத்து நோயாளிக்கு வீட்டில் கண்ணாடி சிரிஞ்சும் கொதிநீரும்தான். குமிழியின் கதை தலைகீழானது பம்ப் வந்த பிறகு.

1960-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆர்னால்டு காடிஷ் செய்த முதல் பம்ப் முதுகில் சுமக்கும் மூட்டை அளவு. 1978-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் பிக்கப், ஹாரி கீன் முதலானோர் சிறு கருவியைக் கொண்டு தோலுக்கடியில் நாள் முழுக்க இன்சுலின் சொட்டவிட்டுக் காட்டினார்கள். இன்றைய பம்ப் சட்டைப் பைக்குள் அடங்கும். அதற்குள் இருப்பது என்ன தெரியுமா? மோட்டார் திருகும் ஒரு திருகு, அது தள்ளும் ஒரு பிஸ்டன். பிரவாஸின் வெள்ளிக் கருவிதான், திருகுகிற விரல் மட்டும் மாறியிருக்கிறது.

போன மே மாதம் என் தம்பியின் பேத்தி பிரான்சிலிருந்து வந்திருந்தாள். பன்னிரண்டு வயது, இடுப்பில் பம்ப். அங்கே அரசாங்கமே செலவை ஏற்கிறது. இங்கே வாங்க லட்சக்கணக்கில் வேண்டும். ஒரு நாள் ஃபிரிட்ஜிலிருந்து மருந்தை எடுத்து அவசரமாக நிரப்பினார்கள். மத்தியானம் குழாயில் முத்து முத்தாகக் குமிழி. என் மனைவி, "ஐயோ, காத்து ஏறிடப் போவுது, கழட்டிடு கண்ணு!" என்று பதறினாள். குழந்தை சொன்னாள்: "காத்துக்கு பயமில்ல பாட்டி. காத்து வர்ற நேரத்துல மருந்து வராது, அதான் பயம்."

பாருங்கள், பன்னிரண்டு வயதில் எவ்வளவு தெளிவு. அவளுக்கு அந்த நேரத்தில் மணிக்கு அரை யூனிட் போய்க்கொண்டிருந்தது. ஒரு யூனிட் குமிழி என்றால் இரண்டு மணி நேரம் வெறும் காற்று. குழாயில் ஓர் அங்குல நீளக் குமிழி ஏறத்தாழ அரை யூனிட்டுக்குச் சமம். பம்பில் ஊற்றுவது சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் தீர்ந்துபோகிற இன்சுலின். உடம்பில் வேறு இருப்பு கிடையாது. முதல் வகை சர்க்கரை நோய் உள்ள குழந்தைக்குச் சில மணி நேரம் மருந்து நின்றாலே சர்க்கரை ஏறி, ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேரத் தொடங்கும். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு என்று போய், கவனிக்காவிட்டால் உயிருக்கே வரும். பம்ப் சத்தம் போடாது, ஏனென்றால் அதன் கணக்கில் திருகு சரியாகத்தான் சுற்றியது. பேரேட்டில் செலவு எழுதியாயிற்று, பணம் மட்டும் போய்ச் சேரவில்லை.

குமிழி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வெளியிலிருந்து இல்லை. குளிர்ந்த நீர் அதிகக் காற்றைக் கரைத்து வைத்திருக்கும், சூடானால் வெளியே விட்டுவிடும். ஃபிரிட்ஜ் தண்ணீரை டம்ளரில் ஊற்றி வைத்தால் சற்று நேரத்தில் ஓரமெல்லாம் முத்துக் கோத்திருக்குமே, அதேதான். பாரீஸ் சமையலறையிலும் இது நடக்கும். நம் ஊர் மே மாதத்தில் ஃபிரிட்ஜுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் அதிகம், குமிழியும் அதிகம்.

மறுநாள் அவள் அம்மா செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புட்டியை முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்தாள். எடுக்கப்போகும் மருந்தின் அளவுக்குக் காற்றைப் புட்டிக்குள் செலுத்தி, மெதுவாக இழுத்தாள். குப்பியை வாய் மேலாகப் பிடித்துப் பேனாவால் தட்டி, மேலே சேர்ந்த காற்றைத் திரும்பத் தள்ளினாள். கடைசியாகக் குழாயின் நுனியில் துளி எட்டிப்பார்க்கும் வரை மருந்தை ஓடவிட்டாள். அப்படி ஓடவிடும்போது குழாய் குழந்தையின் உடம்பில் மாட்டியிருக்கக் கூடாது. மாட்டியிருந்தால் அத்தனை யூனிட்டும் உள்ளே போய்ச் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும். இதை அவள் இரண்டு முறை சொன்னாள். முதல் நாள் சாயந்திரம் சர்க்கரை 300-ஐத் தாண்டியபோதும் அவள் பம்பை நம்பிக் காத்திருக்கவில்லை. கீட்டோன் பார்த்து, டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த அளவைப் பேனா ஊசியால் போட்டு, குழாயையும் மாற்றிவிட்டாள். இரவு ஒன்பது மணிக்கெல்லாம் சர்க்கரை 160-க்கு இறங்கி, குழந்தை இட்லி கேட்டாள்.