படம் முதலில், கடிதம் பிறகு

வான் கோ என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அறுந்த காது; சூரியகாந்திகள் அதற்குப் பிறகுதான். வறுமை, மனநோய், 37 வயதில் துப்பாக்கிக் குண்டு: இந்தக் கதைதான் அவருடைய படங்களுக்கு விலை தேடித் தந்தது என்பது கலைச்சந்தையில் வேரூன்றிவிட்ட நம்பிக்கை. புதிய ஓவியர் ஒருவரைச் சேகரிப்பாளர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது, படத்தோடு அவருடைய ஊர், குடும்பம், பட்ட பாடு எல்லாவற்றையும் அச்சிட்டுக் கையில் கொடுக்கும் வழக்கத்துக்கும் வான் கோவையே முன்னுதாரணமாகச் சொல்கிறார்கள். அந்தப் படங்களை விற்றவர் யார், எதை முதலில் காட்டினார், எதைப் பூட்டி வைத்தார் என்று பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்பதில்லை.

வின்சென்ட் வான் கோ இறந்தது 1890 ஜூலை 29-ல். பாரிசில் ஓவிய வணிக நிறுவனமொன்றில் வேலை பார்த்து, அவருக்குப் பணமும் சாயமும் அனுப்பிக்கொண்டிருந்த தம்பி தியோ, ஆறே மாதத்தில், 1891 ஜனவரி 25-ல் போய்விட்டார். மிஞ்சியது தியோவின் மனைவி யோஹன்னா போங்கர், சுருக்கமாக யோ. 28 வயது, கையில் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை, ஆங்கில ஆசிரியையாக இருந்த அனுபவம். ஹாலந்துக்குத் திரும்பி பஸ்ஸம் என்ற சிற்றூரில் தங்கும் விடுதி நடத்திப் பிழைத்தார். மைத்துனரின் ஓவியங்கள் சுவர்களில் தொங்கின. கூடவே நூற்றுக்கணக்கான கோட்டோவியங்களும் தியோவுக்கு அண்ணன் எழுதிய கடிதக் கட்டுகளும். வின்சென்ட்டின் வாழ்நாளில் ஒரே படம்தான் விற்றது என்ற கூற்றையும் இங்கேயே கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். ஹேக் நகரக் காட்சிகளை வரைந்து தரச் சொல்லி 1882-லேயே அவருடைய சித்தப்பா காசு கொடுத்திருக்கிறார். பெயர் பெற்ற அந்த ஒரு விற்பனை 1890-ல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் 400 பிராங்குக்குப் போன ‘சிவப்புத் திராட்சைத் தோட்டம்’. வாங்கிய அன்னா போக்கும் ஓவியர்தான். அவருடைய தம்பி யூஜினை வின்சென்ட் ஆர்லில் உட்கார வைத்து வரைந்திருக்கிறார். பழக்கமும், தொழில் தெரிந்த இன்னொரு கண்ணும் சேர்ந்து முடித்த வியாபாரம் அது.

யோவுக்கு அந்தக் கண் இருப்பதாக அன்றைய கலைஞர்கள் நம்பவில்லை. 1892-ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த கண்காட்சிக்கு முன்னின்று உழைத்த ஓவியர் ரோலண்ட் ஹோல்ஸ்ட், ஒன்றும் புரியாமல் உருகிப் பேசுகிறவர் என்று அவரைப் பற்றிக் கேலியாக எழுதினார். அதே மனிதர் அந்தக் கண்காட்சிக் கையேட்டின் அட்டையில் வரைந்தது, ஒளிவட்டம் சூடி வாடிச் சாய்ந்த சூரியகாந்தி! உருக்கத்தை விற்றது யார் என்று கேட்கத் தோன்றுகிறது. யோவின் வழி வேறு. விமர்சகர் யான் வெத்துக்கு இந்தப் படங்கள் முதலில் பிடிக்கவில்லை. யோ அவரிடம் வாதாடிக்கொண்டிருக்காமல் வின்சென்ட்டின் கடிதங்களைப் படிக்கக் கொடுத்தார். வெத்தின் எழுத்தில் தொனி மாறியது. கடிதங்களின் வலிமை யோவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தெரிந்தும் அவற்றைப் புத்தகமாக்க அவர் எடுத்துக்கொண்ட காலம் இருபது ஆண்டுகளுக்கு மேல்.

இடைப்பட்ட காலத்தில் அவர் செய்ததெல்லாம் படங்களைக் கண்ணில் படவைப்பது. 1905-ல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலைக் அருங்காட்சியகத்தில் தானே வாடகை கொடுத்து அறைகள் எடுத்து 484 படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். விற்பனைக்கு உள்ளவற்றோடு, எந்த விலைக்கும் தராத சிறந்த படங்களையும் கலந்து மாட்டினார். கிடைக்காத படம் பக்கத்தில் இருந்தால் கிடைக்கும் படத்தின் மதிப்பும் கூடும். பெர்லினில் பால் கஸீரர் போன்ற வணிகர்கள் வழியாக விற்றார். ஒவ்வொரு விற்பனையையும் தியோ விட்டுச் சென்ற கணக்குப் புத்தகத்திலேயே தொடர்ந்து எழுதினார். ஹேக்கில் பிரெம்மர் என்ற ஆசிரியர் வசதி படைத்தவர்களுக்கு ஓவியத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்துவந்தார். அவரிடம் பாடம் கேட்ட ஹெலன் குரோலர்-முல்லர் 1908 வாக்கில் தொடங்கி, சுமார் 90 வான் கோ ஓவியங்களும் 180-க்கு மேற்பட்ட கோட்டோவியங்களும் சேர்த்தார். கடிதங்கள் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது 1914-ல். அதற்குள் இந்தச் சேகரிப்பு நன்றாக வேர்விட்டிருந்தது. தாமதத்துக்கான காரணத்தை முன்னுரையில் யோவே சொல்கிறார்: உயிரைக் கொடுத்து உருவாக்கிய படைப்புகள் மதிக்கப்படுவதற்கு முன்பே மனிதர்மேல் ஆர்வத்தைக் கிளப்புவது இறந்தவருக்குச் செய்யும் அநியாயம்.

படம்தான் முதலில் வந்தது என்பதை மறுப்பதற்கு நல்ல காரணம் ஒன்று உண்டு. யோ பொத்தி வைத்தாலும் கதை வெளியே நடமாடிக்கொண்டுதானே இருந்தது? 1890 ஜனவரியிலேயே விமர்சகர் ஓரியே வின்சென்ட்டைத் தனித்து நிற்கும் வெறி கொண்ட மேதையாகத் தீட்டிவிட்டார். 1893 முதல் ஓவியர் எமில் பெர்னார் கடிதப் பகுதிகளைப் பாரிஸ் இதழில் வெளியிட்டார். உண்மைதான். ஆனால் பாரிசில் அச்சேறிய பக்கங்கள் பஸ்ஸம் வீட்டுச் சுவரிலிருந்து படங்களைக் கழற்றிக் கொண்டுபோய் வாங்குபவர் முன் மாட்டிவிடவில்லை. ஊர் ஊராகப் பெட்டி கட்டி அனுப்பி, விற்காததைத் திரும்ப வாங்கி, மறுபடி அனுப்பியது யோதான். வெத்துக்குக் கடிதம் கொடுத்ததும் கதை சொன்னது போலத்தானே என்றும் கேட்கலாம். அந்தக் கடிதங்களைப் படித்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். அவற்றில் புலம்பலும் உண்டு. ஆனால் பக்கம் பக்கமாக வருவது மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா என்ன செய்யும், சைப்ரஸ் மரத்தின் பச்சையைப் பிடிப்பது ஏன் கடினம், எத்தனை சாயக்குழாய்கள் அனுப்ப வேண்டும் என்பவை. ஓவியர் பட்ட பாட்டைக் கேட்டு இரங்குகிறவரும் ஓவியர் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டு படத்துக்குத் திரும்புகிறவரும் ஒருவரல்லர். வெத் இரண்டாம் வகை. யோ தேடிப் போனதும் அந்த வகையைத்தான்.

அதற்காக அவரைத் தூய துறவியாக்க வேண்டியதில்லை. குடும்பத்துக்குச் சங்கடம் தரும் இடங்களைக் கடிதங்களிலிருந்து வெட்டினார். புத்தகம் வந்த அதே 1914-ல் தியோவின் எலும்புகளை உத்ரெக்ட்டிலிருந்து எடுத்துப் போய் ஓவேரில் அண்ணன் பக்கத்தில் புதைத்தார். அருகருகே கிடக்கும் அந்த இரண்டு கல்லறைகள் எந்த விளம்பரத்தையும் விடப் பெரிய கதை சொல்கின்றன. ஆனாலும் படம் முதலில், கதை பிறகு என்ற வரிசை தலைகீழானது அவர் காலத்துக்குப் பிறகு. 1934-ல் வின்சென்ட்டைப் பற்றிய இர்விங் ஸ்டோனின் நாவல், 1956-ல் அதன் திரைப்படம். அதற்குப் பின் வந்தவர்களில் பெரும்பாலோர் மனிதரைத் தெரிந்துகொண்டுதான் படத்திடம் வந்தார்கள். சந்தை தன் முன்னுதாரணத்தை எடுத்தது இந்த இரண்டாம் கட்டத்திலிருந்துதான்.

1924-ல் லண்டன் தேசியக் காட்சிக்கூடத்துக்காகச் சூரியகாந்தி ஓவியம் ஒன்றைக் கேட்டபோது, முதலில் மறுத்த யோ பிறகு வின்சென்ட்டின் புகழுக்காகச் செய்யும் தியாகம் என்று எழுதிக் கொடுத்தார். 1925-ல் அவர் இறந்தபோது கடிதங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு 526-வது கடிதத்தில் நின்றிருந்தது. மீதியை வேறொருவர் முடித்தார்.