வியாசர்பாடியின் விங்கர்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் விளையாட்டுப் பேச்சு கிரிக்கெட்டில் தொடங்கி அதிலேயே முடியும். சோமசுந்தரம் மைதானத்தில் ஒரு ஞாயிறு காலை நின்றாலே இது விளங்கும். ஆகவே கால்பந்து வீரர் நந்தகுமார் சேகரைப் பற்றி எழுத விரும்பினேன். 1995-இல் பிறந்த இவர் சென்னைப் பிள்ளை. ஆனாலும் கொல்கத்தாவில் இவருக்குள்ள பெயர் அடையாறு பக்கம் இல்லை.

வட சென்னையின் வியாசர்பாடியைக் கால்பந்துக்காக 'குட்டி பிரேசில்' என்பார்கள். அங்கே உமாபதியும் தங்கராஜும் குடிசைப்பகுதிப் பிள்ளைகளுக்காக நடத்திவரும் அமைப்பில் பந்தும் உண்டு, பாடமும் உண்டு. நந்தகுமார் சிறுவயதில் பந்து பழகியது அங்கேதான். 2018 ஐ.எஸ்.எல். அரையிறுதியில் சென்னையின் எஃப்.சி.க்காகக் கோவாவுக்கு எதிராகக் கோல் அடித்த தனபால் கணேஷும் அந்தப் பேட்டைக்காரர்தான்.

முன்பெல்லாம் சென்னை லீக்கில் ஒரு பையன் தலையெடுத்தால் இந்தியன் வங்கியோ, ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையோ, சுங்கத்துறையோ வேலை கொடுத்து ஊரிலேயே வைத்துக்கொள்ளும். அந்த வேலைகள் அருகிவிட்ட காலத்தில் வளர்ந்தவர் நந்தகுமார். 2017-இல் சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக்கில் ஆடினார். பிறகு டெல்லி டைனமோஸ். அந்த அணி புவனேசுவரத்துக்குப் போய் ஒடிசா எஃப்.சி. ஆனபின், 2023 ஏப்ரலில் கோழிக்கோட்டில் சூப்பர் கோப்பையை வென்றபோதும் அதில் இருந்தார். இந்திய அணியின் சட்டையும் அவ்வாண்டே கிடைத்தது.

அதன்பின் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். 2023 ஆகஸ்ட் 12, சால்ட் லேக் மைதானம், டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுடன் ஆட்டம். இந்த இரு கொல்கத்தா அணிகள் மோதும் டெர்பியில் நான்கரை ஆண்டுகளாக வெற்றியே காணாத ஈஸ்ட் பெங்கால், எட்டு முறை அடுத்தடுத்துத் தோற்றிருந்தது. 60-ஆவது நிமிடம். வலது ஓரத்தில் பந்தை வாங்கிய நந்தகுமார், எதிரே நின்ற அனிருத் தாப்பாவை ஏமாற்றி உள்ளே வெட்டி, இடக்காலால் வளைத்து அடித்தார். பந்து தூரத்துக் கம்பத்தை ஒட்டி வலைக்குள் இறங்கியது. ஆட்டத்தின் ஒரே கோல் அதுதான். நெருக்கமான இடத்தில், அரை நொடியில் எடுத்த அந்த முடிவில் வியாசர்பாடி தெரிகிறது என்றே நம்புகிறேன்.

அதே மாதம் அரையிறுதியில் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டுக்கு எதிராகக் கூடுதல் நிமிடங்களில் சமன் செய்த கோலும் அவருடையதே. 2024 ஜனவரியில் புவனேசுவரத்தில் சூப்பர் கோப்பை இறுதியாட்டம். எதிரணி, அவர் முன்பு ஆடிய ஒடிசா. ஒரு கோல் பின்தங்கிய ஈஸ்ட் பெங்காலைச் சமநிலைக்குக் கொண்டுவந்தவர் நந்தகுமார். 3-2 என வென்ற அணிக்கு, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் தேசிய அளவிலான கோப்பை கிடைத்தது.