பெரும்பாணாற்றுப்படையில் ஒரு பன்றிக்கறி



போன ஞாயிற்றுக்கிழமை கோடம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் நாள் முழுக்க மசாலா வாசனை. தம்பி மகள் பன்றியின் முன்சப்பைத் துண்டு ஒன்றைக் காலையில் ஓவனில் 120 டிகிரியில் வைத்தாள். எட்டு மணி நேரம் கழித்து மாலையில்தான் வெளியே எடுத்தாள். இரண்டு முள்கரண்டியால் இழுத்தால் நார் நாராகப் பிரிகிறது. புல்டு போர்க் என்று பெயராம். படத்தைக் குடும்பக் குழுவில் போட்டதும் ஒரு பெரியவர், "இதெல்லாம் வெள்ளைக்காரன் சாப்பாடு. தமிழன் என்றைக்கு இதைத் தொட்டான்?" என்று எழுதிவிட்டார்.

சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவரவர் விருப்பம். ஆனால் அவர் கேட்டது வரலாற்றுக் கேள்வி. ஓய்வு பெற்ற தமிழாசிரியரின் கை சும்மா இருக்குமா?

தமிழன் தொட்டான். அதுவும் நம் சென்னைக்குப் பக்கத்திலேயே தொட்டான். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகள் கொண்டது. பரிசு பெற்ற பாணன் மற்றொரு பாணனுக்கு வழி சொல்கிறான். வழியில் நீர்ப்பெயற்று என்ற கடற்கரைப் பட்டினம் வருகிறது. மாமல்லபுரம் வட்டாரம்தான் அது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அங்கே கள் காய்ச்சும் பெண்கள் வட்டில் கழுவிய தண்ணீர் வழிந்து சேறாகிக் கிடக்கிறது. அந்தச் சேற்றில் பெண்பன்றிகள் குட்டிகளோடு புரள்கின்றன. ஆண்பன்றியை மட்டும் அவற்றோடு சேரவிடாமல், குழியில் அடைத்து, நெல்லை இடித்த மாவைப் பல நாள் ஊட்டி வளர்க்கிறார்கள். அப்படிக் கொழுக்க வைத்த பன்றியின் கறியும் கள்ளும் உனக்குக் கிடைக்கும் என்கிறான் பாணன்.

கவனியுங்கள். வேடன் காட்டில் கிடைத்ததைக் கொன்று தின்ற கதை இல்லை இது. நடமாட்டத்தைக் குறைத்து, தீனியைத் தேர்ந்து கொடுத்து, கறியில் கொழுப்பு ஏற வைக்கிறார்கள். இன்று பண்ணைக்காரர்கள் செய்கிற வேலை. வந்த விருந்தாளிக்குப் பெருமையாகச் சொல்லிப் பரிமாறிய உணவு. பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889இல் அச்சேற்றியவர் உ.வே.சாமிநாதையர். அவர் வீட்டில் இறைச்சி என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் அந்த அடிகளை அப்படியே நமக்குக் கொடுத்தார். பதிப்பாசிரியர் என்றால் அவர்தான்.

பிறகு எப்படி இது கூச்சப்படும் உணவாயிற்று? தெருவில் அலையும் பன்றி, நாடாப்புழு பயம் என்று சொல்லக்கூடிய காரணங்கள் உண்டு. சொல்லாத காரணம் சாதி. பன்றி வளர்த்தவர்களை ஊரின் ஓரத்தில் வைத்தோம், அவர்கள் சோற்றையும் அங்கேயே வைத்தோம். என்னிடம் படித்த ஒருவன் வேலைக்குப் போன பிறகு ஒருநாள் சொன்னான்: "திங்கட்கிழமை மட்டும் டிபன் பாக்ஸ் மூடியை நிமிர்த்தி மறைத்துக்கொண்டு சாப்பிடுவேன் ஐயா. முந்தின நாள் கறி இருக்கும். யாராவது கேட்டால் ஆட்டுக்கறி என்பேன்." அவன் இதைப் படிப்பான். குழுவில் கேள்வி கேட்ட பெரியவரை விட, அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் பங்கு இல்லாமலும் இல்லை. 1520களில் போர்ச்சுக்கீசியர் மயிலாப்பூர்க் கடற்கரையில் சாந்தோம் குடியேற்றத்தை அமைத்தார்கள். அவர்கள் நாட்டில் பன்றிக்கறியைத் திராட்சை மதுவிலும் பூண்டிலும் ஊறவைப்பது வழக்கம். கோவாவில் அது தென்னங்கள் வினிகருக்கும் மிளகாய்க்கும் மாறி விண்டாலு ஆயிற்று. பறங்கிமலையிலிருந்து வந்த என் சக ஆசிரியை ஒருவர் கிறிஸ்துமஸ் முடிந்ததும் கொண்டு வருவார். முதல் நாள் ஊறவைத்து, மறுநாள் சிறு தீயில் வேகவைத்து, மூன்றாம் நாள் சாப்பிட வேண்டும் என்பார்.

புல்டு போர்க் அமெரிக்கத் தென்மாநிலங்களின் உணவு. ஆனால் பன்றியே அமெரிக்காவுக்கு வந்தேறிதான். கொலம்பஸ் 1493இல் இரண்டாம் பயணத்தின்போது கரீபியத் தீவுகளுக்குக் கப்பலில் கொண்டு போனார். குழி வெட்டி, கட்டைக் கரியின் மேல் இரவெல்லாம் கண்விழித்து அதை வேகவைத்தவர்களில் பெரும்பாலோர் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள். புகழ் யாருக்குப் போயிற்று என்பது வேறு கதை.

ஏன் இத்தனை மணி நேரம்? முன்சப்பை விலங்கின் எடையைத் தாங்கி உழைக்கும் தசை. நாருக்கு நார் கொலாஜன் என்ற புரதம் கட்டிப் பிடித்திருக்கும். ஏறத்தாழ 70 டிகிரிக்கு மேல் அது மெதுவாக உருகி ஜெலட்டின் ஆகிறது. கறியின் உட்பகுதி 90, 95 டிகிரியைத் தொடும்போது கட்டு முழுக்க விட்டுவிடும். ஆட்டுக்கால் சூப் குடித்தால் உதடு ஒட்டுகிறதே, அதே சங்கதி.

ஸ்லோ குக்கர் வந்த கதை வேடிக்கையானது. யூதர்களுக்கு ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக் கூடாது. அதனால் வெள்ளி மாலையே பானையை ரொட்டிச் சூளையின் மிச்சச் சூட்டில் வைத்துவிடுவார்கள். தாய் சொன்ன இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த இர்விங் நாக்ஸன் சிகாகோவில் ஒரு மின்பானை செய்து 1940இல் காப்புரிமை பெற்றார். 1970களில் அது கிராக்பாட் என்ற பெயரில் வீடு வீடாகப் போயிற்று. பன்றி உண்ணாத மக்களின் பானை இன்று பன்றிக்கறிக்குப் பேர்போனது!

நமக்கும் ஒன்று இருந்தது. கல்கத்தாவின் இந்துமாதவ் மல்லிக் 1910இல் செய்த இக்மிக் குக்கரின் உறவுதான் நாம் ருக்மணி குக்கர் என்று சொன்ன பித்தளை அடுக்கு. கீழே நாலு கரித்துண்டு போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போகலாம். 1950களின் இறுதியில் பிரஷர் குக்கர் இந்தியாவிலேயே உற்பத்தியாகத் தொடங்கியதும், பின்னால் கேஸ் வந்ததும், அந்த அடுக்கு பரணுக்குப் போயிற்று. விசில் எண்ணிச் சமைக்கும் தலைமுறை ஆனோம்.

ஓவன் இல்லை என்போருக்கு: அடிகனமான பாத்திரம், இறுக்கமான மூடி, மிகச் சிறிய தீ. கறி அரைக்கால் முங்கத் தண்ணீர் போதும். பண்ணை வெண்பன்றிக்கறியாகப் பார்த்து வாங்குங்கள். சூடு இருக்கும்போதே பிரியுங்கள், ஆறினால் நார் விடாது. அதற்கு முன் பெரும்பாணாற்றுப்படையை எடுத்து 339ஆம் அடியிலிருந்து ஏழு அடிகள் படியுங்கள். சொல் விளங்காவிட்டால் கமெண்டில் கேளுங்கள், பொருள் எழுதுகிறேன்.