அசல்போன்ற பொம்மைத் துப்பாக்கிகள்: சட்டக் கட்டுப்பாடுகள்

உண்மைத் துப்பாக்கியின் தோற்றத்தில் செய்யப்படும் பொம்மைகளைச் சேர்த்து வைப்பதற்கு இந்தியாவில் தனிச் சட்டம் ஏதுமில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பொம்மையாக மட்டுமே பயன்படக்கூடியதும் இயங்கும் ஆயுதமாக மாற்ற இயலாததுமான பொருளை ஆயுதம் என்னும் வரையறையிலிருந்தே நீக்கிவிடுகிறது. ஆகவே பொட்டுவெடித் துப்பாக்கியை வாங்க மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

சிக்கல் 6ஆம் பிரிவில் தொடங்குகிறது. சுடும் திறன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பார்வைக்குத் துப்பாக்கியாகத் தோன்றும் எதுவும் அதன்படி போலித் துப்பாக்கியே. உரிமமின்றி அதைச் சுடும் ஆயுதமாக மாற்றுவது குற்றம். உலோகத்தில் அசலின் அளவிலேயே வார்த்த மாதிரிகளைச் சேகரிப்போர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பொம்மையைக் காட்டி ஒருவரை மிரட்டினால், அது சுடாது என்பது தப்பிக்கும் வழியாகாது. குற்றமுறு மிரட்டல் வழக்கு வரும். விற்பனைக்கு வரும் சிறுவர் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அது பாதுகாப்புத் தரம் பற்றியது, தோற்றம் பற்றியதன்று.

பயணத்தில் நிலைமை வேறு. விமானத்தில் கைப்பையில் பொம்மைத் துப்பாக்கி கொண்டுசெல்ல அனுமதியில்லை. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், அனுமதியின்றிப் போலித் துப்பாக்கி வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது. பிரிட்டனில் 2007 முதல் அசல்போன்ற போலிகளின் தயாரிப்பும் விற்பனையும் இறக்குமதியும், சில விலக்குகள் நீங்கலாக, தடைசெய்யப்பட்டுள்ளன. அமெரிக்காவில் குழல்முனையில் ஆரஞ்சு அடைப்பு போன்ற அடையாளம் இருந்தால் விற்கலாம்.