வேல்முனை: வகைப்பாடும் காலக்கணிப்பும்

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையினரின் அருங்காட்சியகம் இருக்கிறது. 1895இல் தொடங்கப்பட்ட இதில், பாடம் செய்த விலங்குகளோடு பழனிமலைப் பெருங்கற்காலச் சின்னங்களும் இடம்பெற்றுள்ளன. அம்மலையின் கல்திட்டைகளைத் தேடி ஆராய்ந்தவர்கள் ஆங்லாட், நியூட்டன் என்னும் இரு துறவிகள். அவர்களது நூலை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. பாறைமேல் திறந்து கிடந்த திட்டைகளில் கிடைத்த பொருள்கள் சொற்பமே. ஆயுதத்தின் காலத்தை உடன்கிடைக்கும் பொருள்களை வைத்தே பெரும்பாலும் சொல்ல முடியும் என்பதால், தமிழ்நாட்டு இரும்பு ஆயுதங்களைக் காலவரிசைப்படுத்துவதில் உள்ள சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

வேல்முனையை வகைப்படுத்துவோர் முதலில் பார்ப்பது அதன் அடிப்பகுதியை. காம்பு செருகக் குழல்போல் சுருட்டப்பட்டதா, காம்புக்குள் இறங்கும் கூரிய வாலா? பிறகு அலகு இலைபோல் அகன்றதா, ஊசிபோல் நீண்டதா, நடுவே தண்டு புடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வகை பிரிக்க இது போதும். காலம் சொல்லப் போதாது. நன்றாக அமைந்த வடிவத்தைக் கொல்லர்கள் நூற்றாண்டுக் கணக்கில் மாற்றாமல் அடித்திருக்கிறார்கள். நார்வேயின் யான் பீட்டர்சன் 1919இல் வைக்கிங் ஈட்டிகளை வரிசைப்படுத்த முடிந்ததென்றால், அவை வேறு பொருள்களோடு கல்லறைகளில் சேர்ந்து கிடைத்ததே காரணம்.

ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அகழ்ந்த அலெக்சாண்டர் ரீ, பொருள் கிடந்த நிலையும் முக்கியம் என்பதை ஓரளவு உணர்ந்திருந்தார். தாழிகளைச் சுற்றி ஆயுதங்கள் முனை கீழாகக் கிடந்ததைக் கண்டு, துக்கத்துக்கு வந்தவர்கள் மண்ணில் குத்திவிட்டுப் போயிருக்கலாம் என்று எழுதினார். அங்கே கிடைத்த வேலையும் பொன்தகட்டு வாய்ப்பூட்டையும் பழனிக்குக் காவடி எடுப்போரின் வேல், வாய்ப்பூட்டோடு அறிஞர் சிலர் ஒப்பிட்டதுண்டு. கவர்ச்சியான ஒப்பீடுதான், ஆனால் அதை வைத்து ஆண்டு குறிக்க முடியாது.

ஆண்டு கிடைத்தது பழனி அடிவாரத்துப் பொருந்தலில். கா. ராஜன் 2009, 2010இல் அகழ்ந்த ஈமக்குழி ஒன்றில் நெல் நிரம்பிய ஜாடியும் ஆயிரக்கணக்கான மணிகளும் இரும்பு வாள்களும் இருந்தன. நெல்லின் கரிமக் கணிப்பு கி.மு. 490 என்றது. அருகில் கிடந்த இரும்புக்கும் அந்த ஆண்டு பொருந்தும். இரும்பை நேராகப் பார்த்து எவரும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

இடைக்கால ஆயுதங்களின் கதை இன்னும் மோசம். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் நாயக்கர், மராத்தியர் கால ஈட்டிகள் கலந்து குவிந்திருந்தன. 1855இல் மன்னர் சிவாஜி ஆண்வாரிசின்றி இறந்த பிறகு அக்குவியல் கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்குப் போக, பெரும்பகுதி பழைய இரும்பாகிவிட்டது. 1878இல் வால்ஹவுஸ் என்ற அதிகாரி இதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். மிஞ்சியவற்றை யாளி முகம் போன்ற செதுக்கு வேலைப்பாட்டை வைத்துத்தான் இன்று காலம் பிரிக்கிறார்கள். வேலைப்பாடற்ற முனைகளில், குழலுக்குள் காம்பின் மரத்துணுக்கு ஒட்டியிருந்தால் கரிமக் கணிப்புக்கு வாய்ப்புண்டு. துருவைச் சுரண்டிப் பளபளப்பாக்கிய முனையில் அந்த வாய்ப்பும் இல்லை.