பி. கக்கன்

பி. கக்கன் (ஜூன் 18, 1908 - டிசம்பர் 23, 1981) விடுதலைப் போராட்ட வீரரும் தமிழக அரசியல்வாதியும் ஆவார். மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தைச் சேர்ந்த தும்பைப்பட்டி என்னும் சிற்றூரில் பிறந்தவர். சட்டமன்ற உறுப்பினராக இருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டு, 1957 முதல் 1967 வரை காமராசர், பக்தவத்சலம் ஆகியோரின் அமைச்சரவைகளில் பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை முதலிய பொறுப்புகளை வகித்தார்.

இளமையும் விடுதலைப் போராட்டமும்

தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த கக்கனின் தந்தை ஊர்க் கோயில் பூசாரி. ஆனால் அக்காலத்தில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அக்குடும்பத்தினர் நுழைய இயலாது. ஜூலை 8, 1939 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் அக்கோயிலுக்குள் நுழைந்த சிறு குழுவில் கக்கனும் ஒருவர். அதற்கு எழுந்த எதிர்ப்பை அடுத்து, உள்ளே சென்றோருக்கும் அனுமதித்த கோயில் அலுவலர்களுக்கும் பாதுகாப்பளிக்க இராசாசி அரசு அவ்வாண்டே சட்டம் இயற்றியது. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது கக்கன் அலிப்பூர் சிறையில் அடைக்கப்பட்டார்.

அரசியலமைப்பு நிர்ணய மன்றத்திலும், 1952 முதல் 1957 வரை மக்களவையிலும் (மதுரைத் தொகுதி) உறுப்பினராக இருந்தார். காமராசர் 1954 இல் முதலமைச்சரான பின் தமிழ்நாடு காங்கிரசின் தலைவராகவும் பணியாற்றினார்.

சட்டமன்றப் பணி

1957 தேர்தலில் மேலூர்த் தொகுதியில் வென்றார். அப்போது அது ஒரு பொது உறுப்பினரையும் ஒரு தாழ்த்தப்பட்டோர் உறுப்பினரையும் தேர்ந்தெடுக்கும் இரட்டை உறுப்பினர் தொகுதி. 1961 இல் இம்முறை ஒழிக்கப்பட்டபின், 1962 இல் சமயநல்லூர் தனித்தொகுதியிலிருந்து தேர்வானார்.

இவர் பொதுப்பணித்துறை அமைச்சராக இருந்தபோது 1959 இல் வைகை அணை திறக்கப்பட்டது. மேலூர்ப் பகுதி வயல்கள் பெரியாறு பாசனக் கால்வாயை நம்பியவை. மலைக்கு அப்பாலிருந்து சுரங்கம் வழியாக வரும் பெரியாற்று நீரைச் சமவெளியில் தேக்கி வைத்துத் தேவையறிந்து திறந்துவிட இவ்வணை வழிசெய்தது. தம் தொகுதி மக்களின் வாழ்வோடு இவ்வளவு நெருங்கிய துறை ஒரு சிற்றூர் உறுப்பினருக்கு வாய்ப்பது அரிது. கக்கனின் எளிமை பற்றிய செய்திகளே மிகுதியாகப் பேசப்படுவதால் இப்பணி பலருக்குத் தெரிவதில்லை.

இந்தி எதிர்ப்புப் போராட்டம்

1963 அக்டோபரில் பக்தவத்சலம் முதலமைச்சரானபோது கக்கன் உள்துறைப் பொறுப்பேற்றார். 1965 சனவரியில் மதுரையில் மூண்ட கலவரத்தைத் தொடர்ந்து இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாநிலமெங்கும் பரவியது. பல ஊர்களில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அரசுக் கணக்கின்படியே சுமார் 70 பேர் உயிரிழந்தனர். கொள்கை முடிவுகள் முதலமைச்சருடையவை எனினும், காவல்துறைக்குப் பொறுப்பான அமைச்சர் என்னும் முறையில் மாணவர்களின் சினம் கக்கன் மீதும் திரும்பியது. அவரைப் போற்றி எழுதுவோர் பெரும்பாலும் இப்பகுதியைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்.

1967 தேர்தலில் மேலூர் தெற்குத் தொகுதியில், பின்னாளில் அமைச்சரான தி.மு.க.வின் ஓ. பி. இராமனிடம் தோல்வியுற்றார். அத்தேர்தலில் காமராசர், பக்தவத்சலம் ஆகியோரும் தோற்றனர். காங்கிரசு ஆட்சியை இழந்தது.

இறுதிக் காலம்

பத்தாண்டுகள் அமைச்சராக இருந்தும் கக்கன் தமக்கெனச் செல்வம் சேர்க்கவில்லை. நோயுற்றபோது மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப்பிரிவில் சேர்ந்து சிகிச்சை பெற்றார். அங்கிருந்த மதுரை முத்துவைக் காண வந்த முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன், கக்கனும் அங்கிருப்பதை அறிந்து நேரில் சென்று பார்த்தார். பின்னர் அரசின் உதவித்தொகை கிடைக்கவும் ஏற்பாடு செய்தார். கக்கன் டிசம்பர் 23, 1981 இல் காலமானார்.

இந்திய அஞ்சல்துறை 1999 இல் இவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. தும்பைப்பட்டியில் தமிழக அரசு இவருக்கு மணிமண்டபம் அமைத்துள்ளது.