வேக்ஸ் க்ரம்பிள்: எண்ணெயை அதிகமா ஊத்தினா வாசனை அதிகமாகுமா?

ஊதுபத்தி புகை சிலருக்கு ஒத்துக்காது. மெழுகுவத்தி ஏத்தினா திரியைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். ரூம் ஸ்ப்ரே அஞ்சு நிமிஷத்துல காணாமப் போயிடும். இந்த மூணுக்கும் மாற்றா இப்போ பல வீடுகளுக்குள் வந்திருப்பது வேக்ஸ் வார்மர். மேலே ஒரு சின்னக் கிண்ணம், கீழே டீ லைட் அல்லது கரன்ட்டில் சூடாகும் தட்டு. கிண்ணத்தில் வாசனை மெழுகைப் போட்டால் உருகி, ரூம் முழுக்க மணக்கும். அதற்கான மெழுகை உதிரி உதிரியாகச் செய்தால், அதுதான் வேக்ஸ் க்ரம்பிள்.

மெழுகுவத்தி செய்வதைவிட இது ரொம்ப ஈஸி. திரி கிடையாது, அச்சு கிடையாது, மேல்பக்கம் சமமா வரலையேங்கிற கவலையும் கிடையாது. கட்டியா இல்லாததால் வேணுங்கிற அளவு ஸ்பூனில் அள்ளிப் போட்டுக்கலாம்.

ஆனால், என் முதல் பேட்ச் ஃப்ளாப். 'கொஞ்சம் தூக்கலா இருக்கட்டுமே'ன்னு எண்ணெயை அளக்காமல் ஊற்றினேன். மறுநாள் டப்பா அடியில் எண்ணெய் தேங்கி நின்றது. வார்மரில் போட்ட பத்தாவது நிமிஷம், வீசிங் இருக்கும் அம்மா இருமிக்கொண்டே ஹாலைவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்குத்தான் கிச்சன் தராசை எடுத்தேன்.

மெழுகு ஓர் அளவுக்குத்தான் எண்ணெயைப் பிடித்துவைக்கும். சோயா வேக்ஸ் என்றால் பொதுவாக எடையில் 6 முதல் 10 சதவிகிதம். 200 கிராம் மெழுகுக்கு 12 கிராமில் ஆரம்பியுங்கள், 20 கிராமைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் ஊற்றுவது மெழுகில் சேராமல் வியர்வை மாதிரி வெளியே கசியும். மில்லியில் அளக்காதீங்க. ஒவ்வோர் எண்ணெயும் ஒவ்வொரு கனம், அதனால் கிராம்தான் கணக்கு.

எந்த எண்ணெய்? மெழுகுவத்திக்கு என்றே விற்கும் ஃப்ராக்ரன்ஸ் ஆயில் வாங்குங்கள். தண்ணீரில் விட்டு டிஃப்யூசரில் போடும் வகை மெழுகோடு சேராது, தனியாகப் பிரிந்து நிற்கும். எலுமிச்சை, ஆரஞ்சு எசென்ஷியல் ஆயில்கள் சூட்டில் சீக்கிரம் பறந்துவிடும். மல்லி வாசனை வேணும்னு நிறைய பேர் கேட்பார்கள். மல்லிப்பூ சூடு தாங்காது என்பதால், அதிலிருந்து கரைப்பான் வைத்துத்தான் வாசனையை எடுக்கிறார்கள். ஒரு கிலோ எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ பூ தேவை. அதனால், குறைந்த விலையில் கிடைக்கும் 'மல்லி ஆயில்' செயற்கை வாசனைதான். க்ரம்பிளுக்கு அது தாராளமாகப் போதும், 'நேச்சுரல்' என்று எக்ஸ்ட்ரா காசு மட்டும் கொடுத்துடாதீங்க. நிஜப் பூவை மெழுகில் போடும் ஐடியாவும் வேண்டாம். ஈரம் இருந்தால் தெறிக்கும், காய்ந்தது கருகும்.

இனி செய்முறை. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கட்டும். அதற்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து, அதில் மெழுகைப் போட்டு உருக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது. மெழுகு அதிகம் சூடானால் தீப்பிடிக்கும். அப்படி நடந்தால் தண்ணீர் ஊற்றினீர்கள் என்றால் தீ இன்னும் பரவும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தட்டால் மூட வேண்டும். அந்தத் தட்டை முதலிலேயே பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெழுகு உருக்கிய பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்க வேண்டாம், பழசா ஒண்ணை இதுக்குன்னே ஒதுக்கிடுங்க.

தெர்மாமீட்டரில் 80-85 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கி, எண்ணெயை விட்டு முழுசாக 2 நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். மெழுகுப் பாக்கெட்டில் வேறு வெப்பநிலை போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இந்த 2 நிமிடத்தில் சோம்பல்பட்டால் எண்ணெய் அடியில் தங்கிவிடும்.

பிறகு, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் ஊற்றிக் காத்திருக்க வேண்டும். பதம் பிடிபடும் இடம் இதுதான். முதலில் ஓரம் வெளுக்கும், அப்புறம் மொத்தமும் மார்கழி மாதத்து நெய் மாதிரி உறையும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழணும், விரலில் ஒட்டக் கூடாது. அப்போது ஃபோர்க்கால் கீறிக் கிளறினால் பொடிமாஸ் மாதிரி உதிரும். முழுசா ஆறும் வரை அவ்வப்போது கிளறிக்கொண்டே இருங்கள். முன்கூட்டியே கிளறினால் பிசுபிசுன்னு ஒட்டும். தாமதமானால் கல்லாகிவிடும். ரெண்டுக்குமே பயப்பட வேண்டாம், திரும்ப உருக்கிக்கலாம். என்ன, ஒவ்வொரு முறை உருக்கும்போதும் கொஞ்சம் வாசனை போகும்.

சென்னை மாதிரி ஊர்களில் இன்னொரு சிக்கல் இருக்கு, வெயில். மென்மையான சோயா வேக்ஸ் 45-50 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். மே மாதத்தில் அறையே 40-ஐத் தொடும்போது, டப்பாவில் இருக்கும் க்ரம்பிள் ஒட்டிக்கொண்டு ஒரே உருண்டையாகிவிடும். 3 பங்கு சோயா, 1 பங்கு பாரஃபின் என்று கலந்து பாருங்கள். பாரஃபின் கூடுதல் சூட்டில்தான் உருகும், உதிரியும் நிற்கும். செய்து விற்கும் ஐடியா இருந்தால், கோடையில் கூரியர் அனுப்புவதற்கு முன் ஒரு டப்பாவை வெயில் படும் ஜன்னலோரம் ஒருநாள் வைத்துப் பார்த்துடுங்க.

செய்த அன்றைக்கே மோந்து பார்த்து 'வாசனையே இல்லையே' என்று அடுத்த பேட்ச்சில் எண்ணெயைக் கூட்டாதீர்கள். சோயா மெழுகில் வாசனை செட் ஆக 1-2 வாரம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, தேதி எழுதி வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

வார்மரில் 10 கிராம் போதும். திரைச்சீலை பக்கத்திலோ, ஃபேனுக்கு நேர் கீழேயோ வைக்க வேண்டாம். எரிய விட்டுட்டுத் தூங்கவும் கூடாது. பூஜை அறையில் இருக்கும் கற்பூர மெஷினில் போடலாமா என்றால், வேண்டாம். அதன் கிண்ணம் குட்டி, உருகிய மெழுகு வழிந்தால் நேராக ப்ளக்கில் இறங்கும். டீ லைட் வார்மரில் கற்பூரத்தைப் போடுவது அதைவிட ஆபத்து, சட்டென்று பற்றிக்கொள்ளும்.

கைக்குழந்தை, ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் அறையில் இதைத் தவிர்த்துவிடலாம். பூனை வளர்ப்பவர்கள் டீ ட்ரீ, யூகலிப்டஸ், சிட்ரஸ் எண்ணெய்கள் பக்கமே போகாதீங்க. பூனைகளின் உடம்புக்கு அவை ஆகாது. எங்கள் வீட்டில் இப்போது 6 சதவிகிதம்தான். அதுவும் என் ரூமில் மட்டும், ஜன்னலைத் திறந்துவைத்து.

சில தடவை பயன்படுத்தியதும் மெழுகு அப்படியே இருக்கும், வாசனை மட்டும் போயிருக்கும். லேசாகச் சூடாக்கி, வார்மரை அணைத்துவிட்டு, பஞ்சால் ஒற்றி எடுத்துக் குப்பையில் போடுங்கள். சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும், அப்புறம் பிளம்பருக்குத்தான் போன் போடணும்.